கொலோமா பள்ளத்தாக்கில் ஒரு நாள்: தங்கம் கண்ட பூங்காவைக் குடும்பத்தோடு ஆராயும் முறை

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமென்டோவுக்கு வடகிழக்கே, அமெரிக்கன் ஆற்றின் தென்கிளை வளைந்து ஓடும் கொலோமா என்னும் சிறிய பள்ளத்தாக்கில், 1848ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள், மரம் அறுக்கும் ஆலை ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்த ஜேம்ஸ் மார்ஷல் என்பவர் கால்வாய் நீருக்கடியில் மின்னிய சில துணுக்குகளைக் கண்டெடுத்தார். அடுத்த சில ஆண்டுகளில் உலகின் பல மூலைகளிலிருந்தும் ஏறத்தாழ 3 லட்சம் பேர் கலிபோர்னியாவுக்குப் புறப்பட்டு வருவதற்கு அந்தத் தங்கத் துணுக்குகளே காரணமாயின. அந்த இடம் இன்று மார்ஷல் கோல்ட் டிஸ்கவரி ஸ்டேட் ஹிஸ்டாரிக் பார்க் என்ற பெயரில் மாநில வரலாற்றுப் பூங்காவாகப் பாதுகாக்கப்படுகிறது. கலிபோர்னியப் பள்ளிகளில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் மாநில வரலாற்றைப் படிப்பதால், பல குடும்பங்கள் அந்த ஆண்டில்தான் முதன்முறையாக இங்கே வருகின்றன.

வருபவர்களில் பலர் ஆற்றங்கரையில் சிறிது நேரம் மணலைக் கிளறிவிட்டு, பலகைகளைப் படித்துவிட்டு, மார்ஷலின் சிலைக்கு முன்னால் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அதில் தவறொன்றுமில்லை. ஆனால் இந்தப் பூங்கா அதைவிட மிகுதியாகத் தரவல்லது. இதற்கு நான் பரிந்துரைக்கும் வழி எளியது: பூங்கா முழுவதையும் பார்த்துத் தீர்க்க வேண்டும் என்ற எண்ணத்தைக் கைவிட்டு, ஒரே ஒரு கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு செல்லுங்கள். ‘இது இங்கேதான், இப்படித்தான் நடந்தது என்பது நமக்கு எப்படித் தெரியும்?’ என்பதே அந்தக் கேள்வி. இதை மனத்தில் வைத்துக்கொண்டு நடக்கும் குழந்தைக்கு ஒவ்வொரு கல்லும் சுவரும் சாட்சியாகிவிடும். அதன்பின் பெற்றோர் விளக்கவுரை ஆற்ற வேண்டிய தேவை பெரும்பாலும் இராது.

புறப்படுமுன்

இளவேனிற்காலத்தின் முற்பகுதியும் இலையுதிர்காலமும் இந்தப் பயணத்துக்கு ஏற்றவை. கோடையில் பள்ளத்தாக்கின் வெப்பம் சில நாட்களில் 100 டிகிரி பாரன்ஹீட்டைத் தாண்டும்; நிழலற்ற குன்றுப் பாதையில் சிறு குழந்தைகளையும் முதியவர்களையும் அந்த வெயிலில் நடத்திச் செல்வது கூடாது. கோடையில்தான் விடுப்பு கிடைக்கும் என்றால், காலையில் பூங்கா திறந்தவுடன் நுழைந்து, மேட்டு நடையை முதலில் முடித்துவிட்டு, வெயில் ஏறும் வேளையில் அருங்காட்சியகத்துக்குள் இருக்குமாறு நாளைத் திருப்பிப் போட்டுக்கொள்ளுங்கள். கண்டுபிடிப்பின் ஆண்டு நிறைவையொட்டி ஜனவரியில் வருவதும் அழகுதான், ஆனால் மழையும் குளிரும் ஆற்றில் கை வைக்கும் விருப்பத்தைக் குறைத்துவிடும்.

சாக்ரமென்டோவிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரப் பயணம். 50ஆம் எண் நெடுஞ்சாலையில் பிளேசர்வில் வரை சென்று அங்கிருந்து 49ஆம் எண் சாலையில் திரும்பலாம். அல்லது 80ஆம் எண் நெடுஞ்சாலையில் ஆபர்ன் வரை சென்று அதே 49ஆம் எண் சாலையை மறுமுனையிலிருந்து பிடிக்கலாம். எப்படிச் சென்றாலும் கடைசிப் பகுதி வளைவுகள் நிறைந்தது. வாகனத்தில் தலைசுற்றும் பிள்ளைகள் இருந்தால் அந்தப் பகுதிக்கு முன் வயிறு நிறைய உண்ணக் கொடுக்க வேண்டாம். பூங்காவில் வாகனத்துக்குக் கட்டணம் உண்டு. மாநிலத்தின் பொது நூலகங்கள் பலவற்றில் மாநிலப் பூங்காக்களுக்கான வாகன அனுமதிச் சீட்டைப் புத்தகம்போல இரவல் பெற முடிந்திருக்கிறது; உங்கள் நூலகத்தில் அது கிடைக்குமா என்று சில வாரங்களுக்கு முன்பே கேட்டு வையுங்கள். பூங்காவின் இணையப் பக்கத்தில் திறக்கும் நேரம், அன்றைய நிகழ்ச்சிகள், பாதை அல்லது பாலம் மூடப்பட்டிருக்கிறதா என்ற செய்தி ஆகியவற்றை முதல் நாளே பார்த்துவிட வேண்டும். தங்கம் அரிக்க அனுமதிக்கப்பட்ட கரைக்கு ஆற்றைக் கடந்துதான் செல்ல வேண்டும் என்பதால், பாலத்தைப் பற்றிய செய்தி முக்கியமானது.

எடுத்துச் செல்ல வேண்டியவை மிகக் குறைவு. ஆளுக்கொரு சிறு குறிப்பேடும் பென்சிலும், ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடி, பாலித்தீன் பையில் சுற்றிய ஒரு சிறு காந்தம், மூடியுள்ள சிறு கண்ணாடிக் குப்பி, பிளாஸ்டிக்கால் ஆன தங்கம் அரிக்கும் தட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு மாற்றுடையும் மாற்றுக் காலணியும் போதும். தட்டு கரும்பச்சை அல்லது கறுப்பு நிறத்தில் இருந்தால் சிறு துணுக்கும் பளிச்சென்று தெரியும். இரும்புத் தட்டில் காந்தச் சோதனை செய்ய முடியாது. அது குழந்தைகளின் கைக்குக் கனமானதும்கூட.

முதல் நாள் இரவு, கதையின் முன்பகுதியை மட்டும் வீட்டில் சொல்லிவிடுங்கள். ஜான் சட்டர் என்பவர் சாக்ரமென்டோ சமவெளியில் பெரும் பண்ணையும் கோட்டையும் வைத்திருந்தார். அவருக்குப் பலகைகள் தேவைப்பட்டன. சமவெளியில் தகுந்த மரம் இல்லை. ஆகவே 1847இல் மார்ஷலோடு கூட்டுச் சேர்ந்து, பைன் மரங்களும் வேகமான ஆறும் ஒருங்கே இருந்த கொலோமாவில் ஆலை கட்ட ஏற்பாடு செய்தார். இந்த இடத்தில் நிறுத்திவிடுங்கள். தங்கம் எப்படிக் கிடைத்தது என்பதைப் பிள்ளைகள் அந்த மண்ணில் நின்றுதான் கேட்க வேண்டும்.

முதலில் உரற்குழிப் பாறை

பூங்காவுக்குள் நுழைந்ததும் குழந்தைகள் ஆற்றை நோக்கி ஓடத்தான் பார்ப்பார்கள். அவர்களைச் சற்றுத் தடுத்து, அருங்காட்சியகத்தில் வரைபடம் வாங்கிக்கொண்டு, இந்தப் பகுதியின் பூர்வகுடிகளான நிசெனான் மக்களின் உரற்குழிகள் உள்ள பாறை எங்கே இருக்கிறது என்று கேட்டு, நடையை அங்கிருந்து தொடங்குங்கள். கொலோமா என்ற பெயரே, அழகிய பள்ளத்தாக்கு என்ற பொருளில் அந்த மக்கள் இந்த இடத்தைக் குல்லுமா என்று அழைத்ததிலிருந்து வந்தது. மார்ஷல் வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இங்கே அவர்கள் வாழ்ந்தார்கள். ஓக் மரக் கொட்டைகளை உடைத்து, இந்தப் பாறைக் குழிகளில் இட்டு இடித்து மாவாக்கி, அதிலுள்ள கடுந்துவர்ப்பு நீங்கும்வரை நீர் ஊற்றி ஊற்றி வடித்து, பின்னர் கூழாகக் காய்ச்சி உண்டார்கள்.

பாறையின் மேல் ஏறவோ குழிகளுக்குள் கல்லைப் போட்டு இடித்துப் பார்க்கவோ விடாதீர்கள். சுற்றி நின்று எத்தனை குழிகள், எவை ஆழமானவை, எவை தொடங்கிய நிலையிலேயே நிற்பவை என்று பார்த்து வரையச் சொல்லுங்கள். கல்லால் கல்லை இடித்து இவ்வளவு ஆழம் வர எவ்வளவு காலம் ஆகியிருக்கும் என்று குழந்தையே கணக்குப் போடத் தொடங்கும். எழுதப்பட்ட ஒரு வரிகூட இல்லாமல், ஒரு சமூகம் இங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தது என்பதை அந்தக் குழிகளே மெய்ப்பிக்கின்றன. அன்றைய கேள்விக்கான முதல் விடை இதுதான்.

தங்கம் கிடைத்த பிறகு அந்த மக்களுக்கு என்ன நேர்ந்தது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். எந்த வயதுக்கு எவ்வளவு என்பதைப் பெற்றோரே அறிவார்கள். சிறு குழந்தைக்கு, அவர்களுடைய வீடுகளும் உணவு தந்த மரங்களும் மீன் பிடித்த ஆறும் பறிபோயின என்று சொன்னால் போதும். பத்து வயதைக் கடந்தவர்களுக்கு, 1850இல் மாநிலச் சட்டமன்றம் இயற்றிய ஒரு சட்டம் பூர்வகுடிக் குழந்தைகளையும் பெரியவர்களையும் கட்டாய வேலைக்குப் பிணைத்து வைக்க இடம் கொடுத்தது என்பதையும், 1848இல் ஏறத்தாழ 1,50,000 ஆக இருந்த கலிபோர்னியப் பூர்வகுடி மக்கள்தொகை 1870க்குள் 30,000 அளவுக்குக் குறைந்தது என்று மதிப்பிடப்படுவதையும், நோயோடு படுகொலைகளும் அதற்குக் காரணமாக இருந்தன என்பதையும் கூறலாம். இந்தக் கொடுமைகளுக்காக 2019ஆம் ஆண்டு ஜூனில் மாநில ஆளுநர் கேவின் நியூசம் முறைப்படி மன்னிப்புக் கோரினார். சட்டருடைய கோட்டையிலும் வயல்களிலும் பூர்வகுடி மக்கள் வற்புறுத்தலுக்கு ஆட்பட்டே உழைத்தார்கள் என்பதும் இந்தக் கதையின் ஒரு பகுதியே. தங்கத்தின் கதையை இந்தப் பாறையிலிருந்து தொடங்கினால்தான் அது முழுமை பெறுகிறது என்பது என் உறுதியான எண்ணம்.

ஆலையும் சான்றுகளும்

அடுத்து ஆலைக்குச் செல்லுங்கள். இங்கே நிற்பது பிற்காலத்தில் கட்டப்பட்ட மாதிரி ஆலை; அது நிற்கும் இடமும் பழைய ஆலை நின்ற அதே இடமன்று. இதைக் குழந்தைகளுக்கு முதலிலேயே சொல்லிவிடாமல், ‘இது பழையதா, புதியதா? எதைப் பார்த்துச் சொல்கிறாய்?’ என்று கேளுங்கள். மரத்தின் நிறம், ஆணிகள், இணைப்புகள், ஆற்றுக்கும் ஆலைக்கும் இடையிலுள்ள தொலைவு என்று ஒவ்வொருவரும் ஒன்றைக் கவனிப்பார்கள். விடை சரியா தவறா என்பதைவிட, காரணம் சொல்லிப் பழகுவது முக்கியம். பிறகு ஆற்றோரம் நடந்து, பழைய ஆலை நின்ற இடத்தைக் குறிக்கும் நினைவுச் சின்னத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளத்தில் சிதைந்தும் மண்ணில் புதைந்தும் போன அந்த ஆலையின் அடித்தள மரங்கள் 1920களிலும் 1947இலும் கண்டறியப்பட்டதால்தான் இடம் உறுதியாயிற்று.

இனி கதையின் மீதியைச் சொல்லலாம். ஆலை கட்டி முடியும் நிலையில், சக்கரத்தைத் தள்ளிவிட்டு வெளியேறும் நீருக்கான கால்வாய் போதிய ஆழமில்லாமல் இருந்தது. நீர் தேங்கினால் சக்கரம் சுழலாது. பகலில் ஆட்கள் மண்ணை வெட்டித் தளர்த்துவார்கள். இரவில் மதகைத் திறந்து ஆற்று நீரைப் பாயவிட்டு அந்த மண்ணை அடித்துச் செல்ல வைப்பார்கள். காலையில் மார்ஷல் மதகை மூடச் செய்து கால்வாயைப் பார்வையிடுவார். தாம் அறியாமலே அவர்கள் ஒரு பெரிய அரிப்புத் தட்டை உருவாக்கியிருந்தார்கள்: நீர் இலேசான மண்ணைக் கொண்டுபோயிற்று, கனமான தங்கம் அடியில் தங்கிவிட்டது. கால்வாயின் ஓரத்தில் நின்று இந்தக் காரணத்தைச் சொன்னால், பிற்பகலில் ஆற்றில் தட்டைச் சுழற்றும்போது குழந்தைக்கு அதன் தத்துவம் ஏற்கெனவே தெரிந்திருக்கும்.

கிடைத்தது தங்கம்தான் என்பதை எப்படி உறுதிசெய்தார்கள் என்பது இந்த இடத்தில் கேட்க வேண்டிய அடுத்த கேள்வி. மார்ஷல் அந்தத் துணுக்கை ஒரு கல்லின் மேல் வைத்து இன்னொரு கல்லால் அடித்துப் பார்த்தார்; அது நொறுங்காமல் தட்டையாயிற்று. ஆலைத் தொழிலாளர்களுக்குச் சமைத்த ஜென்னி விம்மர், சோப்புக் காய்ச்சும் காரநீர்க் கொப்பரையில் ஒரு துணுக்கைப் போட்டுக் கொதிக்க வைத்தார். அதன் பளபளப்பு மாறவில்லை. பிறகு மார்ஷல் அதைச் சட்டரின் கோட்டைக்குக் கொண்டு செல்ல, இருவருமாக நைட்ரிக் அமிலம் ஊற்றிப் பார்த்து, நீருக்குள் தராசைத் தாழ்த்தி வெள்ளியோடு எடை ஒப்பிட்டு, கலைக்களஞ்சியத்தைப் புரட்டிச் சரிபார்த்தார்கள். ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாத இடத்தில் இத்தனை சோதனைகள் நடந்தன. சோதனைகளை மட்டும் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றும் தங்கத்தின் எந்தக் குணத்தைச் சோதித்தது என்று எழுதும் பொறுப்பை இடைப்பட்ட வயதுப் பிள்ளைகளிடம் விட்டுவிடலாம்.

தேதிக்கும் ஒரு சான்று உண்டு, பதின்ம வயதினரை அது பெரிதும் ஈர்க்கும். மார்ஷல் பல ஆண்டுகள் கழித்துத் தம் நினைவிலிருந்து சொன்ன நாள் சரியாக இல்லை. ஆனால் ஆலையில் வேலை செய்த ஹென்றி பிக்லர் என்ற தொழிலாளி நாட்குறிப்பு எழுதும் பழக்கமுடையவர். தங்கம்போலத் தோன்றும் ஏதோ ஓர் உலோகம் கால்வாயில் கிடைத்தது என்றும், ஆலைத் தலைவர் மார்ஷல்தான் முதலில் கண்டார் என்றும், ஜனவரி 24, திங்கட்கிழமை என்ற தேதியிட்டு, எழுத்துப்பிழைகளோடு அவர் எழுதி வைத்த ஒற்றைக் குறிப்பே இன்று உலகம் ஏற்றுக்கொண்ட நாளைத் தருகிறது. கண்டுபிடித்தவரின் நினைவைவிடப் பக்கத்தில் நின்றவரின் குறிப்பு வலுவான சான்றாக இருப்பது ஏன் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். நல்ல வாதம் ஒன்று எழும். தொடர்ந்து, அந்த நாளுக்குப் பின் 9 நாட்களில், பிப்ரவரி 2ஆம் நாள் கையெழுத்தான உடன்படிக்கையின் வழியே மெக்சிகோ கலிபோர்னியாவை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்தது என்பதையும், கையெழுத்திட்ட இரு தரப்பினருக்கும் கொலோமாவில் நடந்தது தெரியாது என்பதையும் சொல்லலாம்.

ஆற்றில் தங்கம் அரித்தல்

எந்தக் குழந்தையும் மிகவும் எதிர்பார்த்துக் காத்திருப்பது இதற்குத்தான். ஆகவே இதற்கு நிறைய நேரம் ஒதுக்குங்கள். பூங்காவுக்குள் எல்லா இடத்திலும் அரிக்க முடியாது. பாலத்துக்கு அப்பால் ஆற்றின் கிழக்குக் கரையில் குறிக்கப்பட்ட பகுதியில் மட்டும், கையையும் தட்டையும் கொண்டு மட்டுமே அரிக்கலாம். மண்வெட்டியோ பிற கருவிகளோ கூடாது. ஆற்றில் இறங்குவதற்கு முன், தொட்டியில் வைத்துச் சொல்லித் தரும் பயிற்சி அன்று நடக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள். தொட்டியில் தங்கம் ஏற்கெனவே கலக்கப்பட்டிருக்கும் என்பதால் சிறு குழந்தைகள் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள், கைப்பழக்கமும் வந்துவிடும்.

தங்கம் தண்ணீரைவிட 19 மடங்குக்கும் மேல் கனமானது. சாதாரண ஆற்று மணலில் பெரும்பகுதியான குவார்ட்ஸ் இரண்டரை மடங்கிற்குச் சற்று மேல். கறுப்பு மணலில் இருக்கும் மேக்னடைட் என்னும் இரும்புத் தாது 5 மடங்கு. தங்கத் துகளைத் தாங்கிச் செல்ல நீருக்கு வேகம் வேண்டும். வேகம் குறைந்த இடத்தில் அது உடனே அடியில் இறங்கிவிடும். எனவே ஆற்று வளைவின் உட்பக்கத்திலும், பெரிய பாறைக்குப் பின்னாலுள்ள அமைதியான நீரிலும், அடிப்பாறையின் விரிசல்களிலும் மண்ணைத் தேடுங்கள். இந்தத் தங்கமெல்லாம் சியரா நெவாடா மலைகளின் குவார்ட்ஸ் படிவங்களிலிருந்து, கோடிக்கணக்கான ஆண்டு மழையாலும் ஆற்றாலும் அரிக்கப்பட்டுக் கீழே வந்தது.

தட்டில் மூன்றில் இரண்டு பங்கு மண் நிரப்பி, முழுவதும் நீருக்குள் அமிழ்த்துங்கள். களிமண் கட்டிகளை விரல்களால் கரைத்து, பெரிய கற்களைத் தட்டுக்குள்ளேயே கழுவிவிட்டு வெளியே எடுங்கள். பிறகு தட்டை நீர்மட்டத்துக்குக் கீழே கிடையாகப் பிடித்துக்கொண்டு இடமும் வலமுமாக விரைந்து குலுக்குங்கள். பலரும் அவசரப்பட்டு விட்டுவிடும் படி இதுதான். குலுக்கினால்தான் கனமானது அடிக்குச் செல்லும். அதன் பின்னரே தட்டை வெளிப்பக்கமாகச் சற்றுச் சாய்த்து, அரிசியில் கல் அரிப்பதைப்போல, நீரை உள்ளே வாங்கி மெல்ல வெளியே தள்ளி மேல்மணலை மட்டும் கழியுங்கள். இரண்டு மூன்று முறை கழித்ததும் மீண்டும் கிடையாகப் பிடித்துக் குலுக்க வேண்டும். குலுக்குவதும் கழிப்பதுமாக மாறி மாறிச் செய்துகொண்டே போனால் இறுதியில் ஒரு கரண்டி அளவு கறுப்பு மணல் எஞ்சும். கொஞ்சம் நீர் வைத்துத் தட்டை மெல்லச் சுழற்றினால் அது விசிறிபோலப் பரவும். தங்கம் இருந்தால் விசிறியின் வால்முனையில் தெரியும். மேலும் கறுப்பு மணல் மறைத்தால், பையில் சுற்றிய காந்தத்தால் இரும்புத் தாதை ஒற்றி எடுத்துவிடலாம்.

மின்னுவதெல்லாம் தங்கம் என்று குழந்தை துள்ளும்போது உடனே மறுக்க வேண்டாம். அதன் மேல் உங்கள் நிழல் விழுமாறு நில்லுங்கள். காக்காப்பொன் துகளும், தங்கம்போலத் தோன்றும் பைரைட் என்னும் கனிமமும் வெயிலில் ஒரு கோணத்தில் மட்டுமே மின்னி, நிழலில் மங்கிவிடும். தங்கத்தின் மஞ்சள் நிழலிலும் மாறாது. நீரைச் சுழற்றினால் காக்காப்பொன் இலேசாக மிதந்து அலையும், தங்கம் இருந்த இடத்தை விட்டு எளிதில் நகராது. ஊசிமுனையால் அழுத்தினால் பைரைட் உடையும், தங்கம் வளையும். இந்தச் சோதனைகள் மார்ஷலும் விம்மரும் செய்தவற்றின் உறவினர்கள் என்பதைக் குழந்தையே கண்டுகொள்வது இந்த நாளின் சிறந்த தருணமாக இருக்கும். துகளை எடுக்க, உலர்ந்த விரல்நுனியால் ஒற்றி, நீர் நிரம்பிய குப்பியின் வாயில் விரலைத் தொடுங்கள். அது தானே உள்ளே இறங்கிவிடும்.

தட்டில் வெள்ளிநிறத்தில் உருளும் திரவத் துளி தென்பட்டால் அதைத் தொடவோ குப்பியில் சேர்க்கவோ கூடாது. சுரங்கக் காலத்தில் தங்கத்தைப் பிரித்தெடுக்கப் பாதரசத்தைப் பெருமளவில் பயன்படுத்தினார்கள். அதன் மிச்சம் சியரா ஆறுகளின் வண்டலில் இன்னும் இருக்கிறது. அத்தகைய தட்டை அப்படியே வைத்துவிட்டுப் பூங்கா ஊழியரிடம் சொல்லுங்கள். அரித்து முடித்ததும், உண்ணுமுன் எல்லோரும் சோப்பிட்டுக் கை கழுவ வேண்டும்.

ஆற்றைப் பற்றிய எச்சரிக்கையைத் தனியே அழுத்திச் சொல்ல வேண்டும். இது மலைப்பனி உருகி வரும் ஆறு. வசந்தத்தின் இறுதியிலும்கூட நீர் உறைய வைக்கும் குளிராக இருக்கும். மேலே சில்லி பார் என்னும் இடத்தில் அணை இருக்கிறது; அங்கிருந்து நீர் திறந்துவிடப்படும்போது, வானம் தெளிவாக இருக்கும் நாளிலும் கரையோர நீர்மட்டம் குறுகிய நேரத்தில் உயரும். ரப்பர் படகில் செல்பவர்களுக்குப் பெயர்பெற்ற நீரோட்டம் இது என்பதே அதன் விசைக்குச் சான்று. சிறு குழந்தைகள் கணுக்காலுக்கு மேல் நீருக்குள் செல்லக்கூடாது. கரையோரத்திலும் மிதவை உடை அணிவிப்பது நல்லது. பெரியவர் ஒருவர் தட்டைத் தொடாமல், பிள்ளைகளைப் பார்ப்பதை மட்டுமே வேலையாகக் கொண்டு நிற்க வேண்டும். அந்தப் பொறுப்பை முறைவைத்து மாற்றிக்கொள்ளுங்கள். கரையில் மூன்று மூன்று இலைகளாகத் தோன்றும், தொட்டால் தோலில் அரிப்பு உண்டாக்கும் பாய்சன் ஓக் செடியைக் காட்டித் தொடக்கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வெப்ப நாட்களில் பாறை இடுக்குகளில் கை நுழைக்கும் முன் ரேட்டில் என்னும் நச்சுப் பாம்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். புல்வழி நடந்தால் இரவில் உடலில் உண்ணி தேட வேண்டும்.

கடைகளும் கல்லறைகளும்

உணவுக்குப் பிறகு, நெடுஞ்சாலையோரம் நிற்கும் கல் கட்டடங்களான வா ஹோப், மேன் லீ கடைகளைப் பாருங்கள். இரண்டும் சீனக் குடியேறிகள் கடை நடத்திய கட்டடங்கள். இங்கே ஆறேழு வயதுக் குழந்தைகளுக்கு அலமாரிகளில் உள்ள பொருட்களை எண்ணுவதே போதிய வேலை. மூத்தவர்களுக்கு, 1850இல் வெளிநாட்டுச் சுரங்கத் தொழிலாளர்கள் மீது மாதம் 20 டாலர் வரி விதிக்கப்பட்டதையும், எதிர்ப்பால் அது நீக்கப்பட்டு 1852இல் மாதம் 3 டாலராகத் திரும்பி வந்தபோது பெரும்பாலும் சீனர்களிடமே அது வசூலிக்கப்பட்டதையும் சொல்லுங்கள்.

ஊரின் பழைய இடுகாட்டுக்கு நேரம் ஒதுக்க வேண்டும் என்று வற்புறுத்துவேன், ஏனெனில் அங்கேதான் நான்சி கூச் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார். 1849இல் மிசூரியிலிருந்து அடிமையாக இங்கே கொண்டுவரப்பட்ட அவர், அடிமைமுறையைத் தடைசெய்த அரசியலமைப்போடு கலிபோர்னியா மாநிலமானபோது விடுதலை பெற்றார். சுரங்கத் தொழிலாளர்களுக்குச் சமைத்தும் துணி துவைத்தும் பணம் சேர்த்தார். மிசூரியில் விட்டுவர நேர்ந்த மகன் ஆண்ட்ரூ மன்ரோவையும் அவருடைய குடும்பத்தையும் 1870இல் இங்கே வரவழைத்தார். அந்த மன்ரோ குடும்பம் பழத்தோட்டங்கள் வளர்த்து நிலம் வாங்கிற்று. தங்கம் கண்டெடுக்கப்பட்ட இடமும் அவர்களுடைய உடைமையாக இருந்து, 1940களில்தான் மாநிலத்தின் கைக்கு வந்தது. கல்லறையில் பெயர்களையும் ஆண்டுகளையும் படித்து, யார் யாருக்கு என்ன உறவு என்று குறிப்பேட்டில் குடும்ப மரமாக வரையச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி உடன் வந்திருந்தால் இந்த வேலையைப் பேரப்பிள்ளைகளோடு அவர்களிடம் விட்டுவிடுங்கள். பலகைகளைப் பிள்ளைகள் படித்துத் தமிழில் சொல்ல, உறவுகளைப் பெரியவர்கள் இணைத்துக் கொடுக்க, இருவரும் சமமாகப் பங்கேற்கும் இடம் இது. கல்லறைக் கற்களைத் தடவவோ, தாளை வைத்து எழுத்துகளைப் பென்சிலால் தேய்த்து எடுக்கவோ கூடாது. பழைய கல் உதிரும்.

குன்றின் மேல்

மார்ஷலின் சிலை குன்றின் உச்சியில் இருக்கிறது. மேட்டுப் பாதையில் நடந்தும் செல்லலாம், வாகனத்திலும் செல்லலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் தயங்காமல் வாகனத்திலேயே போகட்டும். 1890இல் எழுப்பப்பட்ட இந்தச் சிலை கலிபோர்னியாவின் முதல் மாநில வரலாற்று நினைவுச்சின்னம். மார்ஷல் அதன் அடியிலேயே புதைக்கப்பட்டிருக்கிறார்; சிலையின் விரல் கீழே தங்கம் கிடைத்த இடத்தைச் சுட்டுகிறது. விரல் நீளும் திசையில் பார்த்து, காலையிலிருந்து நடந்த இடங்களை மேலிருந்து அடையாளம் காணச் செய்யுங்கள். குறிப்பேட்டில் வரைபடம் வரைய இதைவிடத் தகுந்த இடம் இல்லை.

இந்தக் குன்றில் உட்கார்ந்து கேட்க வேண்டிய கேள்வி, தங்கத்தால் பணக்காரர் ஆனவர் யார் என்பது. மார்ஷல் ஆகவில்லை. மாநிலம் 1872இல் அவருக்கு மாதம் 200 டாலர் உதவித்தொகை வழங்கி, பின்னர் பாதியாகக் குறைத்து, 1878இல் நிறுத்திவிட்டது. 1885இல் அவர் வறுமையில் இறந்தார். பாதையில் நீங்கள் காணும் எளிய மரக்குடில் அவருடையது. சட்டரின் வயல்களில் தங்கம் தேடி வந்தவர்கள் புகுந்து, கால்நடைகளையும் எடுத்துக்கொண்டார்கள். 1848 மே மாதம் சான் பிரான்சிஸ்கோ தெருக்களில் தங்கத்தூள் குப்பியை உயர்த்திக் கூவியபடி நடந்த சாம் பிரானன் என்ற வணிகரோ, அதற்கு முன்பே சட்டரின் கோட்டையில் சுரங்கக் கருவிகளைக் கடையில் நிரப்பி வைத்திருந்தார். பெரும் செல்வம் சேர்த்தவர் அவர்தான். கொலோமா ஊரும் நீடிக்கவில்லை. எளிதில் எடுக்கக்கூடிய தங்கம் தீர்ந்ததும் கூட்டம் கலைந்தது, 1857இல் மாவட்டத் தலைமையிடம் பிளேசர்வில்லுக்குப் போயிற்று.

7 முதல் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு மாநிலப் பூங்காக்கள் ஜூனியர் ரேஞ்சர் செயல்பாடுகளை நடத்துகின்றன. அன்று அது உண்டா என்று காலையிலேயே அருங்காட்சியகத்தில் கேட்டிருந்தால் பிற்பகலில் அதை முடித்துக்கொள்ளலாம். நான்கைந்து வயதுக் குழந்தைகளோடு வருபவர்கள் பாறை, ஆலை, ஆறு என்ற மூன்றோடு நிறுத்திக்கொண்டு, இடுகாட்டையும் குன்றையும் இன்னொரு முறைக்கு வைத்துக்கொள்வதே நல்லது.

திரும்பும் வழியில் சாக்ரமென்டோவிலுள்ள சட்டர்ஸ் ஃபோர்ட் மாநில வரலாற்றுப் பூங்காவையும் அதே நாளில் பார்த்துவிட முயல வேண்டாம். மாலைக்குள் அது மூடப்பட்டுவிடும், பிள்ளைகளும் சோர்ந்திருப்பார்கள். அதற்கு வேறொரு வார இறுதியை வையுங்கள். மார்ஷல் துணுக்குகளைத் துணியில் முடிந்துகொண்டு போய்ச் சேர்ந்த இடம் அது. தராசும் அமிலமும் கலைக்களஞ்சியமும் கொண்டு சோதனை நடந்த கோட்டைக்குள் நுழையும்போது, கொலோமாவில் எழுதிய குறிப்பேட்டைப் பிள்ளைகள் கையில் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள்.